கொடைக்கானல் கிரீனுக்கு மதுரை மொட்டைமாடியில் தயாராவது: பத்தடி புட்டிங் மேட், சிப்பிங் நெட், 56 டிகிரி வெட்ஜ்

மதுரைக்காரர்கள் கோல்ஃப் ஆட மலையேறினால் போய்ச் சேருகிற இடம் பெரும்பாலும் கொடைக்கானல் கோல்ஃப் கிளப்தான். 1895-ல் தொடங்கிய கிளப். வத்தலக்குண்டு வழியாக ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே, சரிவும் பனியும் மேயும் காட்டுமாடுகளும் உள்ள மைதானம். அங்கே அடிகளின் கணக்கு எகிறுவது பெரும்பாலும் முதல் அடியில் இல்லை, கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய இடத்துக்கு, பக்கத்தில் வந்த பிறகுதான். வாரக்கடைசியில் மட்டும் மலைக்குப் போக முடிகிறவர்கள் மீதி நாளில் வீட்டில் பழக என்ன வாங்கலாம் என்று கேட்கிறார்கள். இணையக் கடைகளில் அதிகம் விற்கும் மூன்று பொருள்களை அந்தக் கண்ணோட்டத்தில் இங்கே பார்க்கலாம்.

முதலில் பத்தடி புட்டிங் மேட். கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் தட்டுதான் புட், அதற்கான மட்டை புட்டர்; அதைப் பழகும் விரிப்பு இது. ஓரடி அகலம், பத்தடி நீளம், கடைசியில் சின்ன ஏற்றம், அதில் குழி, பக்கத்தில் பந்து திரும்பி வர ஒரு பள்ளம். பெரும்பாலான மாடல்கள் இப்படித்தான் வருகின்றன. பந்தை நேராகப் புறப்பட வைக்கப் பழகுவதற்கு இதைவிட வசதியான பொருள் கிடையாது. வேகம் பழக அப்படியே பயன்படுத்தினால் கெடுதல்.

காரணம் அந்த ஏற்றம். குழியில் விழ வேண்டுமென்றால் பந்து கடைசி அரையடியில் மேடேற வேண்டும். நூறு முறை அடித்தால் கை அந்த வேகத்தைத்தான் ‘சரியான வேகம்’ என்று பிடித்துக்கொள்ளும். கொடைக்கானலில் இறக்கத்தில் உள்ள குழிக்கு அதே வேகத்தில் தட்டினால் பந்து குழியைத் தாண்டி நாலடி ஓடும். திரும்ப அடிக்கிற நாலடியும் பதற்றத்தில் தவறும். அதனால் ஏற்றப் பகுதியைக் கழற்ற முடிகிற மாடலை வாங்குங்கள். கழற்ற முடியாததை வாங்கிவிட்டால் மேட்டின் திசையை மாற்றிப் போட்டு, ஏற்றம் பந்துக்குப் பின்னால் இருக்கும்படி நின்று ஆடலாம்.

குழிக்கு என்ன செய்வது? எட்டாவது அடியில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மி.மீ.; நம் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. நாலு நாணயத்தை வரிசையாக வைத்தால் சரியாகக் குழியின் அகலம் வந்துவிடும். வட்டத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டடி மேட் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் வேகத்துக்கான பரீட்சை. குழியைத் தவறவிட்ட பந்து சுமார் 17 அங்குலம், அதாவது 43 செ.மீ. தாண்டி நிற்கிற வேகமே அதிகம் விழுகிற வேகம் என்று குறுகிய ஆட்டத்தை ஆராய்ந்த டேவ் பெல்ஸ் சொன்னார். வட்டத்திலிருந்து 43 செ.மீ. தள்ளி இன்னொரு கோடு. பந்து வட்டத்தைக் கடந்து இந்தக் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். மேட்டை விட்டு வெளியே ஓடினால் அந்த அடி தவறு, வட்டத்தின் மேல் போயிருந்தாலும்.

நேர்கோட்டுக்கு ஒரு வாசல் வைக்கலாம். பந்துக்கு 30 செ.மீ. முன்னால் இரண்டு பென்சில் செல்களை நிற்க வையுங்கள். இடைவெளி இரண்டு பத்து ரூபாய் நாணயம் பக்கத்தில் பக்கத்தில் படுக்கும் அளவு, 54 மி.மீ. பந்து 43 மி.மீ. என்பதால் இரு பக்கமும் ஐந்தரை மி.மீ. இடம் இருக்கும். புட்டர் முகம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பினாலே செல் சாய்ந்துவிடும். ஒரு டிகிரி தப்பினால் எட்டடியில் பந்து 42 மி.மீ. விலகும். குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கு 54 மி.மீ.தான் இருக்கிறது. வாசலைத் தொடாமல் போன பந்து எட்டடியில் ஏறக்குறைய எப்போதும் குழிக்குள்தான் இருக்கும். புட்டர் முகம் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் பந்து கிளம்பும், வீச்சின் பாதைக்கு அதில் பங்கு குறைவு. அதனால் இந்த வாசல் பயிற்சி ஒன்றுக்காகவே மேட்டுக்குக் கொடுத்த காசு தகும்.

எந்தத் துணி? வெல்வெட் மாதிரி வழவழப்பாக வருவது ஒரு வகை, குட்டையான செயற்கைப் புல் இன்னொரு வகை. அட்டையில் ‘உண்மையான கிரீன் வேகம்’ என்று போட்டிருப்பதை நம்பாமல் நீங்களே அளந்துவிடுங்கள். கிரீன் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரை 1935-ல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் உருவாக்கினார். அதன் தத்துவம் எளிது. சரிவில் உருளும் பந்து ஒரே வேகத்தில் புறப்படும், தரையில் எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் எண். ஹார்டுவேர் கடையில் ‘எல்’ வடிவ அலுமினியப் பட்டை மூன்றடி வாங்கி, பள்ளம் மேலே பார்க்க வைத்து, ஒரு முனை தரையைத் தொட, அங்கிருந்து 30 அங்குலத்தில் உள்ள இடம் தரையிலிருந்து 26 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி முட்டுக் கொடுங்கள். இருபது டிகிரிச் சரிவு வந்துவிடும். பத்தடி மேட்டில் முழு ஓட்டத்துக்கு இடம் பற்றாது. பாதித் தூரத்தில், 15 அங்குலத்தில் பந்தை விட்டு, ஓடிய தூரத்தை இரண்டால் பெருக்கினால் போதும். இரண்டு திசையிலும் அளந்து சராசரி எடுங்கள், ஏனென்றால் இழை சாய்ந்திருக்கும் பக்கம் பந்து கூடுதலாக ஓடும். இது வீட்டுக் கருவி, கிளப்பின் கருவிக்கு நிகராகாது. ஆனால் ‘என் மேட் எட்டா, பதினொன்றா’ என்று தெரிந்துகொள்ள இது போதும்.

ஹாலில் விரித்தால் கண்ணாடி மாதிரி சமதளம். கொடைக்கானலில் அப்படி ஒரு இடம் கிடைக்காது. மதுரை வீடுகளின் மொட்டைமாடி இங்கேதான் கைகொடுக்கிறது. மழைநீர் வடிகுழாய்ப் பக்கம் தண்ணீர் போகட்டும் என்று கொத்தனார் தட்டோட்டைச் சரிவாகத்தான் பதித்திருப்பார். ஒரு மீட்டர் நீளத்துக்குச் சட்டம் வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்குங்கள். அடியில் உள்ள இடைவெளி ஒன்றரை செ.மீ. என்றால் சரிவு ஒன்றரை சதவீதம். மாடியின் பல மூலைகளில் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை கிடைக்கும், கிரீனில் பழக இது நல்ல அளவு.

கணக்கைப் பாருங்கள். சமதளத்தில் ஒன்பதடி ஓடும் ஒரு தட்டு, ஒன்றரை சதவீதச் சரிவில் ஏற்றத்தில் ஏழரை அடி சொச்சத்தில் நின்றுவிடும், இறக்கத்தில் ஏறக்குறைய பதினொன்று ஓடும். ஒரே தட்டுக்கு மூன்றடி வித்தியாசம். சரிவுக்குக் குறுக்காக மேட்டை விரித்தால் இன்னும் நல்ல பாடம் கிடைக்கும். எட்டடியில், 43 செ.மீ. தாண்டும் வேகத்தில் அடித்தால் குழிக்கு மேல்பக்கம் சுமார் 14 செ.மீ. தள்ளிக் குறி வைக்க வேண்டும். குழிவாயிலேயே நிற்கிற வேகத்தில் அடித்தால் அது 21 செ.மீ. ஆகிவிடும். வேகத்தை முடிவு செய்யாமல் கோட்டைத் தேடுவது வீண் வேலை என்பது மாடியில் அரைமணி நேரம் இப்படி ஆடினாலே புரிந்துவிடும்.

மாடியில் ஒரு எச்சரிக்கை. வெயிலில் மேட்டை விட்டுவிடாதீர்கள். அடியில் உள்ள ரப்பர் சூட்டில் இளகி அலையலையாக நிற்கும், அப்புறம் எந்தப் பந்தும் நேராகப் போகாது. காலை ஏழரைக்குள் முடித்துச் சுருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு விரிக்க வேண்டும். சுருட்டும்போது புல் பக்கம் வெளியே இருக்கட்டும், விரித்ததும் ஓரம் மேலே மடங்கி நிற்காது. மெல்லிய மேட் என்றால் ஓட்டு இணைப்புகள் பந்தைத் துள்ள வைக்கும். பொருள் வந்த அன்றே மெதுவாகப் பந்தை உருட்டிப் பார்த்து, திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் முடிவெடுங்கள்.

அடுத்தது சிப்பிங் நெட். குடை மாதிரி விரியும் கூடை வலை. இதற்கு நான் குறைந்த மதிப்பெண்தான் கொடுப்பேன். கிரீனுக்கு வெளியிலிருந்து அடிக்கும் சிப், பறந்து போய்க் கூடையில் விழுகிற அடி கிடையாது. கொஞ்சம் பறந்து, ஓரிடத்தில் விழுந்து, மீதித் தூரத்தை உருண்டு கடக்க வேண்டும். கூடையைக் குழியாக நினைத்துப் பழகினால் மலையில் ஒவ்வொரு சிப்பும் பத்தடி தாண்டும். நெட் கையில் இருக்கிறதென்றால் அதைப் பந்து விழ வேண்டிய இடமாக மட்டும் வையுங்கள். வலைக்குப் பதில் ஒரு துண்டை நாலாக மடித்துத் தரையில் போட்டாலும் அதே வேலை நடக்கும், செலவில்லை.

துண்டை எங்கே போட வேண்டும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு, பன்னிரண்டின் விதி. பன்னிரண்டிலிருந்து அயர்ன் எனும் உலோக மட்டையின் எண்ணைக் கழியுங்கள்; முகம் இன்னும் அதிகம் சாய்ந்த வெட்ஜ் மட்டைகளில் பிட்சிங் வெட்ஜைப் பத்து என்றும் சாண்ட் வெட்ஜைப் பதினொன்று என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் அயர்னில் ஒரு பங்கு பறந்தால் நாலு பங்கு உருளும். ஒன்பதில் மூன்று, பிட்சிங் வெட்ஜில் இரண்டு, சாண்ட் வெட்ஜில் ஒன்று. நடுத்தர வேகமுள்ள சமதள கிரீனுக்கான கணக்கு இது. குழி ஏற்றத்தில் இருந்தால் ஒரு எண் குறைந்த கிளப் (மட்டை), இறக்கத்தில் இருந்தால் ஒரு எண் கூடியது. கையில் எப்போதும் 56 டிகிரி வெட்ஜையே பிடித்துக்கொண்டு எல்லாத் தூரத்துக்கும் அடிப்பவர்களைவிட, எட்டாம் அயர்னைப் புட்டர் மாதிரி வீசத் தெரிந்தவர்களுக்குத்தான் கடினமான மைதானத்தில் கணக்கு குறைகிறது.

மாடியில் நிஜப் பந்தால் சிப் அடிக்காதீர்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அடுத்த வீட்டு ஜன்னலுக்கு ஆபத்து. நுரைப் பந்து எடை குறைவு, சுழற்சி பிடிக்காது, உருளும் தூரமும் பொய். ஆனால் எங்கே விழுகிறது, கிளப் பந்தை முதலில் தொடுகிறதா என்று பார்க்க அது போதும்.

இதில்தான் செயற்கைப் புல் ஏமாற்றுகிறது. பந்துக்குப் பின்னால் இரண்டு அங்குலத்தில் கிளப் தரையில் இடித்தாலும் மேட்டில் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும், நல்ல அடி என்றே தோன்றும். புல்தரையில் அதே அடி மண்ணில் புதைந்து பந்து ஒரு முழம்கூட நகராது. பந்துக்கு 10 செ.மீ. பின்னால் கைத்துண்டு ஒன்றை விரியுங்கள். கிளப் துண்டைத் தொட்டால் அந்த அடி செல்லாது. எடையில் அறுபது, எழுபது சதவீதம் முன்காலில் இருக்கட்டும், கை பந்துக்குக் கொஞ்சம் முன்னால், மணிக்கட்டு கடைசிவரை ஒடியாமல். பெரும்பாலான தப்பு, பந்தைத் தூக்கிவிட நினைத்து மணிக்கட்டைச் சுண்டுவதில் வருகிறது. தூக்கும் வேலையைக் கிளப்பின் லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, பார்த்துக்கொள்ளும்.

இனி 56 டிகிரி வெட்ஜ். வாங்கும்போது லாஃப்டின் டிகிரியை மட்டும் கேட்டு, பவுன்ஸ் என்ற எண்ணை விட்டுவிடுகிறார்கள். கிளப்பின் அடிப்பாகம் முன்விளிம்புக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதன் அளவு அது. மதுரையைச் சுற்றி இறுகிய தரையில் நாலு முதல் ஆறு டிகிரி பவுன்ஸ் சுகமாக இருக்கும், விளிம்பு பந்துக்கு அடியில் நுழையும். அதையே ஈரம் ஊறிய மலைப் புல்லுக்குக் கொண்டுபோனால் விளிம்பு மண்ணில் இறங்கி நிற்கும். மலையில் பரவலாகப் படர்ந்திருக்கும் கிக்குயு புல்லின் தடித்த கொடிகள் கிளப்பைப் பிடித்து இழுக்கும். பன்னிரண்டு, பதினாலு பவுன்ஸ் அங்கே நன்றாக வழுக்கும், ஆனால் இறுகிய தரையில் எகிறிப் பந்தின் வயிற்றில் அடித்து கிரீனைத் தாண்டி அனுப்பிவிடும். ஒரே ஒரு வெட்ஜ் என்றால் பத்து டிகிரி பவுன்ஸ் வாங்குங்கள். இரண்டு வாங்க முடிந்தால் 52 டிகிரியில் எட்டு, 56-ல் பன்னிரண்டு. பழைய கிளப் வாங்குகிறவர்கள் முகத்தில் உள்ள பள்ளக்கோடுகளை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள், நகம் மாட்டாமல் வழுக்கினால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் பழகியதை மலையில் பொருத்த ஒரு வழி உண்டு. புட்டர் தலையைப் பின்கால் கட்டைவிரல் வரை இழுத்து விடும் தட்டு உங்கள் மேட்டில் எத்தனை அடி ஓடுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முன் பயிற்சி கிரீனில், ஓரளவு சமமான இடத்தில், அதே தட்டை மூன்று பந்துக்குக் கொடுத்து அடியால் அளந்து பாருங்கள். வீட்டில் ஒன்பதடி, இங்கே பன்னிரண்டு என்றால் அன்றைக்கு எல்லாத் தூரத்தையும் முக்கால்வாசியாக எண்ணித் தட்ட வேண்டும். காலையில் பனி ஈரத்தில் பந்து மெதுவாகப் போகும், வெயில் ஏறியதும் அதே கிரீன் வேகமெடுக்கும். ஆறேழு குழி ஆடிய பிறகு இன்னொரு முறை கணக்கைச் சரிபாருங்கள்.

மலையில் கண் ஏமாறும். சுற்றியுள்ள தரை முழுதும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால், கிரீனின் சாய்வு குறைவாகவோ எதிர்ப்பக்கமாகவோ தெரியும். குழிக்குத் தாழ்ந்த பக்கம் போய் நின்று, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எங்கே ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். பை தூக்கி வரும் கேடி அண்ணன் ‘பள்ளத்தாக்குப் பக்கம் இழுக்கும்’ என்று சொன்னால், உங்கள் கண்ணுக்கு மாறாகத் தெரிந்தாலும் அவர் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தின் மெல்லிய காற்று முழு அடியைத்தான் சுமார் எட்டு சதவீதம் நீட்டும், சிப்புக்கும் புட்டுக்கும் அதனால் பொருட்படுத்தும்படி மாற்றம் வராது.

காசு குறைவாக இருப்பவர்கள் முதலில் ஏற்றம் கழற்ற முடிகிற பத்தடி மேட்டையும், பிறகு பத்து பவுன்ஸ் வெட்ஜையும் வாங்கட்டும். மோட்டார் வைத்துப் பந்தைத் திருப்பி அனுப்பும் குழி, லேசர் கோடு போடும் புட்டர் ஒட்டு, மூன்று வாய் உள்ள சிப்பிங் நெட் எல்லாம் தேவையில்லை. அந்தப் பணத்துக்கு மலையில் பயிற்சி கிரீனில் மட்டும் ஒரு காலைப்பொழுது செலவழிக்கலாம். கிளப்பில் உறுப்பினர் அல்லாதவர்களுக்கான அனுமதியையும் கட்டணத்தையும் கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.