முதலில் எதைத் தைப்பது: சுற்றுத்துணியா, மெத்தை விரிப்பா, ஒட்டுப்போர்வையா?

வீட்டுக்குக் குழந்தை வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால், ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவருக்கும் ஏதாவது தைக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அப்படிக் கிளம்புகிறவர் கண்ணில் முதலில் படுபவை மூன்று: குழந்தையைச் சுற்றும் சதுரத் துணி, கட்டில் மெத்தைக்கு எலாஸ்டிக் வைத்த விரிப்பு, துண்டு துண்டாய் இணைத்த ஒட்டுப்போர்வை. நான் மூன்றையும் தைத்திருக்கிறேன், ஆனால் தலைகீழ் வரிசையில். போர்வையில் ஆரம்பித்தேன். அது முடிந்தபோது, யாருக்காகத் தைத்தேனோ அவள் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

பார்க்க அழகு போர்வைதான், அதில் சந்தேகமே இல்லை. சின்னச் சதுரங்களை நேராகத் தைப்பதுதானே என்று தோன்றும். சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரு வரிசையில் எட்டுச் சதுரம் என்றால் இணைப்புகள் ஏழு. ஓரத்திலிருந்து கால் அங்குலம் பிடித்துத் தைக்க வேண்டிய இடத்தில் அரை நூல் கூடுதலாக, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அதிகமாகப் பிடித்தாலும், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒவ்வோர் இணைப்பிலும் அரைக்கால் அங்குலம் போய்விடும். ஏழு இணைப்புக்கு முக்கால் அங்குலத்துக்கு மேல். அடுத்த வரிசையில் பிடி சரியாக விழுந்தால் இரண்டும் பொருந்தாது. அப்புறம் மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்றையும் நகராமல் சேர்த்து அடிக்க வேண்டும். புதிய கைக்கு இது ரொம்பப் பெரிய வேலை.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. முதல் ஒரு வருடம் தூங்கும் குழந்தையின் கட்டிலில் போர்வையே வைக்கக்கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் சொல்வது, அழுத்தமான தட்டை மெத்தை, அதன்மேல் இறுக்கமான விரிப்பு, அவ்வளவுதான். தலையணை, போர்வை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பு எதுவும் வேண்டாம், மூச்சடைக்கும் ஆபத்து. அந்தத் தடுப்புகளின் விற்பனையையே அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. ஆகவே தைக்க அந்தத் தடுப்பைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். போர்வையைத் தரையில் விரித்து, விழித்திருக்கும் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து விளையாட்டுக் காட்டலாம்.

சுற்றுத்துணிக்கு வருவோம். ஒரு மீட்டர் சதுரம் வெட்டி, நான்கு ஓரமும் இரண்டு மடிப்பு மடித்து அடித்தால் தீர்ந்தது. ஒரே சாயங்காலத்தில் முடியும். நேர்த்தையலும் மூலை மடிப்பதும் கைக்கு வந்துவிடும், வேறொன்றும் வராது. மெல்லிய மஸ்லின் துணி வாங்காதீர்கள், அது வெட்டும்போதே நழுவும். மேற்பரப்பு பஞ்சுபோல் இருக்கும் பிளானல் துணி என்றால், ஒரு மடிப்பு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். என்ன, அதன் பஞ்சுத்தூசி மெஷினில் அடிநூல் சுற்றிய பாபின் பக்கம் சேரும், தைத்து முடித்ததும் தூரிகையால் தட்டிவிட வேண்டும்.

என் ஓட்டு விரிப்புக்குத்தான். தினமும் பயன்படும், துவைக்கப்போட மாற்று வேண்டியிருப்பதால் ஒன்றுக்கு மூன்றாய்த் தைக்க வேண்டிவரும். மூன்றாவதைத் தைக்கும்போது கை தானாகவே ஓடும். தையல் லேசாகக் கோணினாலும் மெத்தைக்கு அடியில் போய்விடும், யார் பார்க்கப் போகிறார்கள்?

52-க்கு 28 அங்குல மெத்தை, கனம் 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். துணி 68-க்கு 44. நான்கு மூலையிலும் ஏழே முக்கால் அங்குலச் சதுரம் வெட்டி எடுங்கள். வெட்டிய இடத்தின் இரண்டு ஓரங்களையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, கால் அங்குலம் பிடித்து அடித்தால் பெட்டிபோல் மூலை நிற்கும். நூல் பிரியாமல் ஓரத்தில் ஜிக்ஜாக், அதாவது வளைந்து வளைந்து போகும் தையல், ஓட்டிவிடுங்கள். பிறகு விளிம்பைக் கால் அங்குலமும் அரை அங்குலமுமாக மடித்து அடித்தால் எலாஸ்டிக் போகும் பட்டி தயார். இரண்டு அங்குலம் மட்டும் திறந்து வைத்து, பாவாடை நாடா கோப்பதுபோல் ஊக்கில் மாட்டிக் கோத்துவிடலாம். எலாஸ்டிக்கின் மறுமுனையைத் துணியோடு இன்னோர் ஊக்கால் குத்திவைக்க மறக்காதீர்கள். மறந்தால் கடைசி மூலையில் அதுவும் உள்ளே ஓடிவிடும், முதலிலிருந்து கோக்க வேண்டும். எனக்கு இரண்டு முறை ஓடியது.

எலாஸ்டிக்கை நான்கு மூலைக்கு மட்டும் வைப்பவர்களும் உண்டு. வேலை குறைவு. ஆனால் நடுப்பக்கம் தளர்ந்து துணி மேலே வரும், குழந்தை படுக்கும் இடத்தில் தளர்ந்த துணி கூடவே கூடாது. சுற்றிலும் வையுங்கள். நீளத்தை முன்கூட்டியே வெட்டாமல், விரிப்பை மெத்தைக்குப் போட்டு, துணி சுருக்கமின்றி நிற்கும்வரை இழுத்துப் பார்த்து, மெத்தை வளையாத இறுக்கத்தில் நிறுத்தி, அங்குல அளவு ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளைத் தைத்தால் சரி.

விரிப்புத் துணிக்குப் பாப்லின் போதும், 80/12 அளவு ஊசி, தையல் நீளம் 2.5 மி.மீ. பனியன் துணி மெத்தையில் அழகாகப் பிடிக்கும், ஆனால் அதற்கு முனை மழுங்கிய ஊசி வேண்டும், கையில் இழுத்தால் அலை அலையாய் விழும். இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் துணியைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் கத்தரி. அவசரத்தில் நான் இதைத் தவிர்த்துத் தைத்த விரிப்பு முதல் சலவையிலேயே சுருங்கியது. விடாப்பிடியாக மாட்டினேன், மெத்தை இரண்டு தலைப்பும் தூக்கிக்கொண்டு ஓடம் மாதிரி நின்றது. பிரித்து, குழந்தையைத் தோளில் சாய்க்கும்போது போடும் தோள்துணி நான்காக்கினேன்.

மூலையில் வெட்டிய சதுரங்களைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு விரிப்புக்கு நான்கு. ஐந்து விரிப்பு தைத்தால் இருபது சதுரம் சேரும், கால் அங்குலம் பிடித்து இணைத்தால் 36-க்கு 29 அங்குல ஒட்டுப்போர்வைக்கு மேல்துணி ஆகிவிடும். அதற்குள் உங்கள் பிடியும் நேராகியிருக்கும்.