காக்காவின் கேம் மெஷின்: பழைய பவர் போர்டா, புது மாட்யூலா?

கீழக்கரையில் ஒரு காக்கா (இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம், பறவை இல்லை) 90களில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். அதில் மிஞ்சிய ஒரே மெஷின் அவர் குடோனில் கிடக்கிறது. 19 இன்ச் மானிட்டர், உள்ளே வெல்ஸ் கார்ட்னர் கே7000 சேசிஸ், அதாவது மானிட்டரை ஓட்டும் சர்க்யூட் போர்டு. போன மாதம் ஆன் செய்தபோது ‘டப்’பென்று ஒரு சத்தம், அப்புறம் இருட்டு. டிவி மெக்கானிக் “யுனிவர்சல் எஸ்எம்பிஎஸ் மாட்யூல் மாட்டிடலாம்” என்றார் (எஸ்எம்பிஎஸ் என்றால் இப்போதைய டிவிகளில் இருக்கும் ஸ்விட்சிங் பவர் சப்ளை). காக்காவின் மகன் எல்சிடி வைத்துவிடலாம் என்றான். நான் பழைய போர்டின் கட்சி.

முதலில் கோளாறு பவர் பகுதியிலா, அதைத் தாண்டியா என்று தெரிய வேண்டும். ஃபியூஸின் கண்ணாடி கருகிப்போயிருந்தால் எங்கோ நேரடி ஷார்ட். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால், ஃபியூஸுக்கே வயதாகியிருக்கலாம். எங்களுடையது கரி. அதை மாற்றிவிட்டு உடனே ஆன் செய்வது ஃபியூஸ் கடைக்காரருக்குச் செய்யும் உதவி.

பிளக்கைப் பிடுங்கி, பெரிய ஃபில்டர் கண்டென்சரில் நிற்கும் சார்ஜை ஒரு பல்பு வழியாக இறக்கிய பிறகுதான் மீட்டரை எடுத்தேன். பிக்சர் டியூப் மூடிக்கு அடியில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கும், அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. படத்தை இடவலமாக விரிக்கும் ஹரிசாண்டல் டிரான்சிஸ்டரில் ஷார்ட் இல்லை. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடுகளில் ஒன்று இரண்டு பக்கமும் ‘பீப்’ அடித்தது. டயோடை மாற்றினேன். டிரான்சிஸ்டரைக் கழற்றி, பி பிளஸ் லைனுக்கும் (பவர் பகுதி தரும் மெயின் டிசி, இங்கே 130 வோல்ட்) கிரவுண்டுக்கும் நடுவே பழைய 100 வாட் குண்டு பல்பை லோடாகக் கட்டினேன். மெயின் லைனிலும் சீரியலாக ஒரு பல்பு போட்டேன், ஷார்ட் இருந்தால் அது எரிந்து காட்டிக்கொடுக்கும். டியூபின் காந்தத்தை நீக்கும் டிகாஸ் காயிலைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது இழுக்கும் கரண்டில் சீரியல் பல்பு பளிச்சென்று எரிந்து நம்மை ஏமாற்றும்.

இந்த பல்பு சோதனைதான் எந்த வழி என்று தீர்மானிக்கிறது. 130 வோல்ட் அசையாமல் நின்றால் பவர் பகுதி நல்லது, ஹரிசாண்டல் பக்கம் போகலாம். 160ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் ஐசி உள்ளுக்குள் ஷார்ட். எங்களுக்கு வந்தது 105, அதுவும் ஆடிக்கொண்டே. ஃபில்டர் கண்டென்சர் வறண்டுவிட்டது. இப்படிப் பாதி வறண்ட கண்டென்சரோடு படம் வந்தால் ஓரங்கள் நெளியும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கேம் படமோ கிட்டத்தட்ட 60. இரண்டும் ஒத்துப்போகாததால் நெளிவு ஓரிடத்தில் நிற்காமல் நீந்திக்கொண்டே இருக்கும்.

சரி, இனி மாட்யூல். கலர் டிவிக்கு விற்கும் அந்த ஐந்து கம்பி மாட்யூல் மோசமான பொருள் இல்லை, என் வீட்டு டிவியிலேயே ஓடுகிறது. ஆனால் அது தனி பவர் சப்ளை இல்லை. செட்டில் ஏற்கெனவே இருக்கும் எஸ்எம்பிஎஸ் டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டுகிற மூளை, அவ்வளவுதான். கே7000இல் அந்த டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. 120 வோல்ட் ஏசியை டிசியாக்கி, எஸ்டிஆர்30130 ஐசி அதை 130க்குக் குறைக்கிறது. கடைசி மூன்று இலக்கமே அதன் வோல்ட்டேஜ். மாட்யூலை எங்கே சொருகுவது? டிரான்ஸ்ஃபார்மரோடு வரும் முழு போர்டை வைக்கலாம், ஆனால் பெரும்பாலும் டிவிக்கான 110 வோல்ட் கணக்கில்தான் இருக்கும். படம் சுருங்கும். திருகி ஏற்றும்போது அளவு தப்பினால் ஈஎச்டியும் (பிக்சர் டியூபுக்குப் போகும் அந்த ஆயிரக்கணக்கான வோல்ட்) கூடவே ஏறும். உள்ளேயே எஸ்எம்பிஎஸ் உள்ள மானிட்டராக இருந்தால் மெக்கானிக் பேச்சைக் கேட்டிருப்பேன்.

இங்கே ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த சேசிஸுக்கு 120 வோல்ட் வந்தால் மட்டும் போதாது, ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வர வேண்டும். வெளிநாட்டு மிக்ஸிக்கு வாங்கிய ஸ்டெப் டவுன் பெட்டி பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். வோல்ட்டேஜைக் குறைக்கும், மெயினிலிருந்து பிரிக்காது. சேசிஸைத் தொட்டால் லைன் கரண்டையே தொட்ட மாதிரி.

எல்சிடிக்கு நான் எதிரி இல்லை. டியூபே போயிருந்தால் அதுதான் வழி. ஆனால் பழைய கேம் போர்டு தரும் 15 கிலோஹெர்ட்ஸ் படத்தை எல்சிடிக்கு ஏற்றபடி மாற்ற ஒரு கன்வெர்ட்டர் போர்டு வேண்டும், துப்பாக்கி கேம் வேலை செய்யாது.

பழைய போர்டுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். கண்டென்சர்களை 85 டிகிரிக்குப் பதில் 105 டிகிரி ரகமாகப் போட்டேன். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இவற்றுக்கான கணக்கு. அதிக நேரம் தின்றது உப்புதான். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்த காற்று இது, ஒரு சால்டர் புள்ளியை விடுமா? பழைய டூத் பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வைத்து போர்டைத் தேய்த்தேன். பச்சை பூத்த கால்களையும் டிரை சால்டர்களையும் (விரிசல் விட்டுச் சரியாக ஒட்டாத புள்ளிகள்) புதிதாகப் பற்றவைக்க இரண்டு சாயங்காலம் ஆனது.

பல்பு லோடில் 130 நின்றது. டிரான்சிஸ்டரைத் திரும்ப மாட்டி ஆன் செய்தோம். ஐந்து நிமிடம் கழித்தும் 130. காக்கா மீட்டரைப் பார்க்கவே இல்லை. மகனிடம் திரும்பி, “காயின் ஒண்ணு எடுத்துட்டு வாப்பா” என்றார்.