1000/6000 இரட்டைச் சாணைக்கல்: கல் தயார், கை?

ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 என இரண்டு கற்களை ஒட்டிச் செய்த, கத்தி தீட்டும் தண்ணீர்ச் சாணைக்கல் இது. இந்த எண் கூடக்கூடக் கல்லின் துகள் நுண்மையாகும். நீளம் 18 செ.மீ., அகலம் 6, தடிமன் 3. கூடவே மூங்கில் தாங்கி, வழுக்காமல் இருக்க ரப்பர், கத்தி முதுகில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப். அந்தக் கிளிப்பை முதல் நாளே தூக்கிப் போட்டுவிடலாம். கோணத்தைப் பிடிக்கக் கை பழக வேண்டும், கிளிப் அதற்கு இடம் கொடுக்காது. போதாக்குறைக்குக் கல்லில் உரசித் தானும் தேய்ந்து கோணத்தையும் மாற்றிவிடும்.

1000 பக்கம் அருமை. பத்து நிமிடம் நீரில் மூழ்க வைத்து, குமிழி நின்றதும் எடுத்தால் போதும். தேய்க்கும்போது ஊறி வரும் சாம்பல் நிறச் சேற்றைக் கழுவிவிடாதீர்கள், பாதி வேலையை அதுதான் செய்கிறது.

சிக்கல் கோணத்தில்தான். 45 மி.மீ. அகலக் கத்திக்கு 15 டிகிரி வேண்டுமென்றால் முதுகு கல்லிலிருந்து 12 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். மணிக்கட்டு அசைந்து முதுகு 3 மி.மீ. கூடினால் கோணம் 4 டிகிரி ஏறிவிடும். ஒவ்வொரு இழுப்பிலும் இப்படி ஆடினால் விளிம்பு உருண்டுபோகும். அரை மணி நேரம் தேய்த்தும் கத்தி முன்பைவிட மொக்கையாக இருப்பது இதனால்தான். பலர் இந்த இடத்தில் கல்லைக் குறை சொல்லி அடுத்த கல் வாங்கப் போவார்கள். கல் மாற்றி ஒன்றும் ஆகாது.

விளிம்பை ஒட்டி இறங்கும் சரிவு முழுக்கக் கறுப்பு மார்க்கரால் பூசி, நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்பில் மட்டும் மை அழிந்தால் கோணம் அதிகம், மேலே மட்டும் அழிந்தால் குறைவு. பிறகு பிசிறு, அதாவது தேய்க்கத் தேய்க்க விளிம்பைத் தாண்டி மறுபக்கம் மடியும் மெல்லிய உலோக இழை. கட்டைவிரலை முதுகுப் பக்கமிருந்து விளிம்புக்கு வெளியே தள்ளித் தடவினால் மறுபக்கத்தில் சன்னமாக நெருடும். விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டக்கூடாது. அடிமுதல் நுனிவரை பிசிறு எழாமல் பக்கம் மாற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. குறிப்பாக நுனி: வளைவு தொடங்கும் இடத்தில் கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தாவிட்டால் அங்கே பிசிறே வராது. பிசிறு எழும்வரை ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தம். அதை நீக்கும்போது அரை கிலோவுக்கும் கீழே, பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றி மாற்றி. தராசின் மேல் கல்லை வைத்து அழுத்திப் பார்த்தால் கைக்கு அளவு பிடிபடும்.

இந்தக் கல்லின் பெரிய குறை, மென்மை. சீக்கிரமே குழி விழும். ஆனால் பழகுபவருக்கு அந்தக் குழியே கணக்குப் புத்தகம். நடுவில் மட்டும் பள்ளம் என்றால் முழு நீளத்தையும் பயன்படுத்தவில்லை. ஒரு ஓரம் தாழ்ந்தால் ஒரு கை அதிகம் அழுத்துகிறது. சில வாரத்துக்கு ஒருமுறை பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிமேல் ஒட்டிய 220 எண் நீர்த்தாளில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) கோடுகள் மொத்தமும் அழியும்வரை தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். மாதங்கள் போகப்போகக் குழி சீராக விழத் தொடங்கும். கை தேறுவதற்கு இதைவிட நம்பகமான அடையாளம் கிடையாது.

6000 பக்கத்தை முதல் மூன்று மாதம் தொடவே வேண்டாம். அதன் துகள் சுமார் 2 மைக்ரான்தான். 1000 விட்ட கோளாறை அது சரிசெய்யாது, மெருகேற்றி மறைக்கும். கத்தி பளபளக்கும், ஆனால் காகிதம் வெட்டுப்படாமல் கிழியும். அதுவரை ஒரே கத்தி, வாரம் ஒருமுறை, 1000 மட்டும். தேய்த்தபின் விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். வெள்ளைப் புள்ளி மின்னும் இடமெல்லாம் இன்னும் மழுங்கல். அடுத்த வாரம் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

பொறுமை இருப்பவர்களுக்கு ஐந்துக்கு நான்கு. ஒரு மதிப்பெண் குறைவது ஒட்டுக்காக: இரவெல்லாம் நீரில் கிடந்தால் இரு கற்களும் பிரிய வாய்ப்புண்டு. வேலை முடிந்ததும் கழுவி, வெயில் படாத இடத்தில் ஓரத்தில் நிறுத்தி ஒரு நாள் உலரவிட்ட பிறகே பெட்டியில் வையுங்கள்.