பெட்டியில் 1200, வீட்டில் 94: ரூட்டர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் வீட்டில் 300 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 300 மெகாபிட்) வேக ஃபைபர் கனெக்ஷன். அதற்காக, பெட்டியில் ‘1200 எம்பிபிஎஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு வைஃபை ரூட்டரைத் திருச்சியில் ஒரு கடையில் வாங்கினேன். மாட்டிய நாளிலிருந்து எந்த அறையில் ஸ்பீட் டெஸ்ட் போட்டாலும் 94-ஐத் தாண்டவில்லை. ரூட்டருக்குப் பக்கத்திலேயே நின்று போட்டாலும் அதே 93, 94. கடையில் கேட்டால் முதலில் கனெக்ஷன்காரர்களைக் கை காட்டினார்கள். பிறகு என் போன் பழசு என்றார்கள். கடைசியில் இன்னொரு பொருளையும் தலையில் கட்டினார்கள். தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசியபோது அவர்கள் வீட்டிலும் இதே 94 என்று தெரிந்தது. அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில் நான் கேட்டது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கீழும் மேலுமாக இரண்டு தளம், பழைய கட்டடம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன், பகல் முழுக்க வீடியோ கால். மகளுக்கு மாடியறையில் ஆன்லைன் வகுப்பு. மாமனாருக்கு டிவியில் கிரிக்கெட். வாசலிலும் கொல்லையிலும் கேமரா. ஆளுக்கொரு போன், லேப்டாப், டேப் என்று எல்லாம் சேர்ந்தால் இருபதுக்குக் குறையாது. கனெக்ஷனோடு கொடுத்த மோடம் சாயங்காலமானால் திணறிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, “தம்பி, 300 பிளான் போட்டிருக்கோம். போர்ட் கிகாபிட்டா இருக்கணும், அது முக்கியம்” என்று தெளிவாகச் சொன்னேன். (போர்ட் என்றால் ரூட்டரின் பின்னால் கேபிள் சொருகும் ஓட்டை, கிகாபிட் என்றால் 1000 எம்பிபிஎஸ்.) “இப்ப வர்றது எல்லாமே கிகாபிட்தான்க்கா. இது 1200. உங்க பிளானுக்கு நாலு மடங்கு. ஆன்டெனாவும் நாலு இருக்கு, மாடி வரைக்கும் சும்மா அடிக்கும்” என்றார் விற்பனைக்கு நின்ற பையன். கல்லாவில் இருந்த முதலாளியும் தலையாட்டினார். டெஸ்ட் பண்ணித் தருகிறேன் என்று அவரே பெட்டியைப் பிரித்து, விளக்கு எரிவதைக் காட்டி, மூடி, பில் போட்டுக் கொடுத்தார்.

அந்த 1200 எப்படி வருகிறது என்று பார்த்தாலே பாதி ஏமாற்று புரிந்துவிடும். இந்த வகை ரூட்டரில் இரண்டு ரேடியோ, அதாவது வைஃபை சிக்னலை அனுப்பி வாங்கும் பகுதிகள், இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்று, அதன் உச்சம் 300. 5 கிகாஹெர்ட்ஸில் ஒன்று, அதன் உச்சம் 867. இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக ஏற்றி 1200 என்று போடுகிறார்கள். ஒரு போன் ஒரு நேரத்தில் இந்த இரண்டில் ஒன்றில்தான் இணைந்திருக்கும், கூட்டுத்தொகை எந்தக் கருவிக்கும் கிடைக்காது. அந்த 867-ம் காற்றில் போகும் மொத்த வேகம். சுவரும் தூரமும் பக்கத்து வீட்டு வைஃபையும் தின்றது போக, நல்ல இடத்தில் நின்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும். அதுவே எங்கள் 300-க்குத் தாராளம். ஆனால் எனக்கு 94-தான் வந்தது. ஏனென்றால் சிக்கல் காற்றில் இல்லை, ரூட்டரின் முதுகில் இருந்தது.

ஃபைபர் கருவியிலிருந்து வரும் லேன் கேபிள் ரூட்டரில் எந்த ஓட்டையில் நுழைகிறதோ, அந்த வான் (WAN) போர்ட்டின் வேகம்தான் வீட்டுக்குள் வரும் மொத்த இன்டர்நெட்டுக்கும் எல்லை. அது 10/100 போர்ட்டாக இருந்தால் 100-க்கு மேல் ஒரு சொட்டும் உள்ளே வராது. அதிலும் தரவோடு கூடவே போகும் முகவரி, தலைப்புச் சமாசாரங்கள் கழிந்து, ஸ்பீட் டெஸ்டில் 94 அளவில் வந்து நிற்கும். கிகாபிட் போர்ட் என்றால் இதே கணக்கில் 940 வரை போகும். ஆகவே 100-க்கு மேற்பட்ட பிளான் வைத்திருந்தும் உங்கள் வீட்டில் ஸ்பீட் டெஸ்ட் 90-க்கும் 95-க்கும் இடையில் ஆணி அடித்தாற்போல நிற்கிறதா? வைஃபையைச் சந்தேகிக்கும் முன் போர்ட்டைப் பாருங்கள். போர்ட் கிகாபிட்டாக இருந்தால் அடுத்து கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு லேன் கேபிளின் எட்டு வயரும் வேண்டும், 100-க்கு நாலு வயரே போதும். கேபிள் முனையில் பிளக் மாட்டி கிரிம்ப் பண்ணுகிறவர்கள் சிலர் நாலு வயரை மட்டும் சொருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். முனையில் இருக்கும் கண்ணாடிபோன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தால் எத்தனை வயர் என்று கண்ணுக்கே தெரியும்.

என் விஷயத்தில் கேபிள் சரியாக இருந்தது. கனெக்ஷன்காரர்கள் அனுப்பிய ஆள், அவர்கள் வைத்த பெட்டியில் லேப்டாப்பை நேரடியாகக் கேபிளில் இணைத்து டெஸ்ட் போட்டார். 290-க்கு மேல் வந்தது. அதே கேபிளை என் ரூட்டர் வழியாகப் போட்டதும் 94. லேப்டாப்பின் நெட்வொர்க் விவரத்தில் லிங்க் ஸ்பீடு 100 என்று காட்டியது. “மேடம், ரூட்டர் போர்ட்டே ஹன்ட்ரட்தான். பெட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க” என்றார்.

பெட்டியின் பக்கவாட்டில் தொழில்நுட்ப விவரம் அச்சிட்ட இடத்தில், கடைக்காரரின் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி உரித்துப் பார்த்தோம். அடியில், எறும்பு அளவு எழுத்தில், வான் போர்ட் ஒன்று, வீட்டுக் கருவிகளைக் கேபிளில் இணைக்கும் லேன் போர்ட் நாலு, எல்லாமே 10/100. பெட்டியில் வெறும் அட்டையாக எவ்வளவோ இடம் காலியாகக் கிடக்க, அந்த ஒரு வரியின் மேல்தான் ஸ்டிக்கர் உட்கார்ந்திருந்தது. கைதவறி ஒட்டியது என்று யாராவது சொன்னால் நம்ப எனக்கு மனம் வரவில்லை. பிறகு கடையில் அதே மாடல் பெட்டிகளைப் பார்த்தேன். அவற்றிலும் அதே இடத்தில் ஸ்டிக்கர்.

இதற்கு நடுவில்தான் எக்ஸ்டெண்டர் கதை. மாடியில் வகுப்பு நின்று நின்று சுற்றுகிறது என்று புகார் சொன்னபோது, கடையிலிருந்து ஒரு பையனை அனுப்பினார்கள். அவர் மாடிப்படியில், ரூட்டரின் வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் ஒன்றைச் சொருகி, போனில் சிக்னல் கோடுகள் முழுசாக ஏறியதைக் காட்டி, அதற்கும் பணம், மாட்டியதற்குத் தனிக் கூலி என்று வாங்கிக்கொண்டு போனார். கோடுகள் நிரம்பியிருக்கும், வேகம் இருக்காது. போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவில் சிக்னல் பலமாக இருப்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டுகின்றன. எக்ஸ்டெண்டருக்கு வந்து சேர்வது எவ்வளவு என்பதை அவை சொல்லாது. ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் கருவியில் நேரம் இரண்டாகப் பிரியும், வேகம் பாதியாகும். எனக்கு விற்றது 2.4 மட்டும் உள்ள வகை. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. நெருக்கமான தெருவில் அந்த மூன்றிலும் அக்கம்பக்கத்து வீடுகள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும். மகளின் வகுப்பு முன்பைவிட மோசமானது. பரீட்சை நேரத்தில் அவள் என் போன் ஹாட்ஸ்பாட்டில் படித்தாள்.

எல்லாவற்றிலும் எனக்குக் கோபம் வந்தது இதற்கல்ல. கனெக்ஷன்காரர் அனுப்பியவர் ரூட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து பழைய பதிவுகளைப் பார்த்தார். அதில் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தின் பெயரில் கெஸ்ட் வைஃபை (விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) ஒன்று, அதன் பாஸ்வேர்டோடு இருந்தது. இணைந்த கருவிகளின் பட்டியலில் நாங்கள் கேள்விப்படாத போன்களின் பெயர்கள். ரூட்டரின் அடியில் இருந்த சீரியல் நம்பரைப் பெட்டியில் அச்சிட்ட நம்பரோடு ஒப்பிட்டோம், ஒத்துப்போகவில்லை. யாரோ வாங்கிப் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்ததை வேறு பெட்டியில் போட்டுப் புதிது என்று முழு விலைக்கு விற்றிருக்கிறார்கள். கவுன்டரில் முதலாளியே பெட்டியைப் பிரித்து டெஸ்ட் பண்ணிக் காட்டியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. சீல் உடைந்திருப்பதைப் பற்றி வாங்குகிறவர் கேள்வி கேட்க முடியாமல் போய்விடுகிறது. ஆகவே டெஸ்ட் பண்ணட்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சீல் உங்கள் கண்முன், முழுசாக இருக்கும்போது உடைய வேண்டும். பெட்டியின் சீரியலும் அடிப்பக்கச் சீரியலும் ஒன்றா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

திருப்பிக் கொண்டுபோனபோது பில்லின் அடியில் இருந்த ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது’ என்ற வரியைக் காட்டினார்கள். அந்த வரிக்கு அஞ்சவே வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47), முறையற்ற வணிக நடைமுறைகள் எவை என்று சொல்கிறது. பழைய பொருளைப் புதியது என்று விற்பது அதில் இருக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அதிலேயே இருக்கிறது. பில் தர மறுப்பதும் அப்படித்தான்.

நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். சின்னக் கடைகள் அதற்குப் பெரிதாக அசைந்துகொடுப்பதில்லை, இங்கும் அசையவில்லை. பிறகு பில், இரண்டு சீரியல் நம்பர்களின் படம், ஸ்டிக்கர் உரித்த படம், இரு ஸ்பீட் டெஸ்ட் படங்கள் எல்லாவற்றையும் வைத்து, மேற்சொன்ன பிரிவைக் குறிப்பிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன் என்று பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். வக்கீல் வைக்கவில்லை. நானே தமிழில் எழுதினேன். ஆணையத்தில் பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது, நாமே வாதாடலாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசமும் உண்டு. கடைக்காரருக்கு இது தெரியும். தபால் போய்ச் சேர்ந்ததும் முதலாளியே போன் செய்து “மேடம், நேர்ல வாங்க, பேசிக்கலாம்” என்றார். ரூட்டர், எக்ஸ்டெண்டர் இரண்டின் பணமும் வந்தது. எக்ஸ்டெண்டரை மாட்டியதற்கான கூலியை மட்டும் தரவில்லை.

இப்போது வீட்டில் இருப்பது வைஃபை 6 ரூட்டர் ஒன்று. பெட்டியைக் கடையிலேயே நாலு பக்கமும் திருப்பி, எல்லாப் போர்ட்டுக்கும் 10/100/1000 என்று இருப்பதைப் படித்த பிறகுதான் பணம் கொடுத்தேன். வைஃபை 6-இல் பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. எங்களைப்போல் கருவிகள் நிறைந்த வீட்டுக்கு ஆன்டெனா எண்ணிக்கையைவிட அது முக்கியம். பழைய போன்களுக்கு அந்தப் பலன் நேரடியாகக் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மாடிக்கு எலக்ட்ரீஷியனை வைத்து கேட் 6 (Cat 6) வகை லேன் கேபிள் ஒன்று இழுத்து, அங்கே கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் ஆக்சஸ் பாயின்ட் ஒன்று வைத்தோம். செங்கல் சுவரையும் கான்கிரீட் தளத்தையும் 5 கிகாஹெர்ட்ஸ் முட்டி முட்டித் தோற்பதற்கு நான் பார்த்தவரை கேபிள்தான் வழி. மகளின் அறையில் 280-க்குக் குறைவதில்லை. கேமராக்களை மட்டும் 2.4-இல் விட்டிருக்கிறோம். அவற்றுக்கு அது போதும்.

பில்லில் ‘வைஃபை ரூட்டர் – 1’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மாடல் எண், சீரியல் எண், ‘கிகாபிட் போர்ட்’ என்ற சொல் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். ரூட்டரைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கொடுக்கும் முன் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் ஊசியை வைத்துப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். எங்கள் கைக்கு வந்த ரூட்டரில் அந்தக் குடும்பத்தின் வைஃபை பாஸ்வேர்ட் மட்டுமல்ல, அவர்கள் இன்டர்நெட் கணக்கின் யூசர்நேமும் அப்படியே இருந்தது. நாங்கள் அழித்துவிட்டுத்தான் கடையில் கொடுத்தோம்.