ழ இல்லாத விசைப்பலகை: பிளாக்பெரி கீ2 பாவனை அனுபவம்

திரைக்குக் கீழே அழுத்தி அடிக்கும் நிஜ விசைகளோடு 2018இல் வெளிவந்த பிளாக்பெரி கீ2 போனை 2021இல் கொழும்பு புறக்கோட்டையில் பாவித்ததாக வாங்கினேன். அதைத் தயாரித்த டிசிஎல் நிறுவனம் அதற்கு முந்திய வருடமே பிளாக்பெரி விற்பனையை நிறுத்திவிட்டது. தெரிந்தேதான் வாங்கினேன், அந்த விசைகளுக்காக.

முதல் இரண்டு கிழமை கை வரவேயில்லை. கண் திரைக்கும் விசைக்கும் ஏறி இறங்கியது. பிறகு எப்போது பழகியது என்று தெரியாது, ஒருநாள் பார்க்காமலே ஆங்கில மின்னஞ்சல் ஒன்றை அடித்து முடித்திருந்தேன். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் குலுங்கும்போதும் விரல் இடம் தவறுவதில்லை. ஆனால் இருக்கை கிடைக்க வேண்டும்! நின்றுகொண்டு ஒற்றைக் கையால் அடித்தால் போன் தலைப்பக்கம் சாயும். இரண்டு பெருவிரலுக்கென்றே செய்த சாமான் அது. பக்கத்திலிருந்த ஐயா ஒருவர், "தம்பி, இது கல்குலேட்டரோ?" என்று கேட்டார்.

தமிழில்தான் சிக்கல். கணினியில் நான் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் அடிக்கிற ஆள். அதில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் என்று 31 எழுத்துக்கு இடம் வேண்டும். இங்கே இருப்பதோ 26 எழுத்து விசை. கணினியில் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சாய்கோடு போன்ற குறிகளின் விசைகளில் இருக்கும். அந்த விசைகளே இதில் தனியாக இல்லை. ழ இல்லாமல் 'தமிழ்' என்று எப்படி எழுதுவது?

வேறு வழியில்லாமல் ஒலிபெயர்ப்பு முறைக்கு மாறினேன். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாகும். அதிலும் ள, ண வந்தால் ஷிப்டைத் தேட வேண்டும். என் வீட்டு முகவரியில் வெள்ளவத்தை இருப்பது என் தலைவிதி. வட்ஸ்அப்பில் அம்மாவுக்கு நாலு வரி எழுதலாம், கட்டுரை எழுத மாட்டேன்.

விசைகளின் மேலாகவே விரலைத் தடவிப் பக்கத்தை நகர்த்தலாம், திரையை விரல் மறைக்காது. நீண்ட செய்தி வாசிக்கும்போது இதன் அருமை தெரியும். ஸ்பேஸ் விசையிலேயே கைரேகை உணரி, அதுவும் சரி.

ஒருமுறை பாண் தூள் விழுந்து ஒரு விசை இறுகிப்போனது. பிழை என்னுடையதுதான். சாப்பிட்டுக்கொண்டே அடித்தேன். மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன்.

அண்ட்ரொய்ட் 8.1க்கு மேல் இதற்கு அப்டேட் வரவில்லை. என் வங்கிச் செயலி போன வருடம் இதில் திறக்க மறுத்தது. அதற்கென்று மலிவான தொடுதிரை போன் ஒன்று வாங்கினேன். இப்போது சட்டைப் பையில் அது, கையில் இது. அம்மாவுக்கு மட்டும் குரல் பதிவு அனுப்புகிறேன்.