ஆயாம்மா, குழு, ஆலோசகர்: அம்மாவை ஹோமில் சேர்த்த பிறகு யார் துணை?

டிமென்ஷியா என்னும் மறதி நோய் முற்றிய அம்மாவை ஹோமில் சேர்த்ததும் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். குற்ற உணர்வு, உறவினர் ஏச்சு, மாதக் கட்டணம் என்று வேறு பாரம் ஏறியது. கைகொடுக்க வந்தவர்கள் மூன்று வகை. ஒருவர் செய்ததை இன்னொருவரால் செய்ய முடியவில்லை.

முதல் மாதத்தில் அங்கே அம்மாவைக் கவனித்த ஆயாம்மாவுக்கு ஈடே இல்லை. மாலை நாலரை ஆனால் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போகலாம், அப்பா வந்துவிடுவார்" என்பார். அப்பா இறந்து ஒன்பது வருடம். நான் உண்மையைச் சொல்ல, அன்றுதான் கேள்விப்பட்டவர்போல் அழுதார். ஆயாம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "திருத்தாதீர்கள். அப்பாவுக்கு என்ன சமைக்கலாம் என்று கேளுங்கள். டிபன் வரும் நேரத்தில் மெல்ல எழுந்துவிடுங்கள்" என்றார். பொழுது சாயும்போது இந்த நோயாளிகளின் தவிப்பு கூடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்தான்; அப்போது என்ன செய்வது என்று சொன்னவர் இவர். ஆனால் ஹோமைப் பற்றியே குறை என்றால் இவரிடம் போக முடியாது. அம்மாவின் சுங்குடிப் புடவையை வேறொரு பாட்டி உடுத்தியிருந்ததைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. ஆயாம்மாவின் வேலைக்கு வினை வருமே.

பராமரிப்பவர்கள் கூடிப் பேசும் குழுக்களை 1992இல் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ (டிமென்ஷியா நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்குமான இந்தியத் தொண்டு அமைப்பு) போன்ற அமைப்புகள் நடத்துகின்றன. நான் போனது வேறொரு சிறு குழு. முக்கால்வாசிப் பேர் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்கள். "எட்டு வருடமாக மாமியாரை நானே குளிப்பாட்டுகிறேன்" என்று ஒருவர் சொன்னபோது நாற்காலியிலேயே கூனிக் குறுகினேன். சேர்த்த புண் ஆறும்வரை, ஒரு மூன்று மாதமாவது, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பேன்.

14567 முதியோர் உதவி எண் தகவல் கேட்க நல்லது. மன ஆறுதலுக்கும் அழைக்கலாம் என்கிறார்கள்.

ஆலோசகர்தான் செலவு. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜோசப் காக்லர் குழுவினர், இப்படிச் சேர்த்துவிட்ட குடும்பங்களுக்கென்றே நான்கு மாதத்தில் ஆறு அமர்வுகள் கொண்ட ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள். இங்கே எங்கள் ஆலோசகரிடம் மூன்று அமர்வோடு பணம் தீர்ந்தது. இரண்டாவதில் துபாயில் இருக்கும் தம்பியையும் வீடியோவில் உட்காரவைத்தார். "கொண்டுபோய்த் தள்ளிவிட்டாய்" என்று ஆரம்பித்தவனிடம், அம்மா விழுந்து அடிபட்டால் நள்ளிரவில் யார் ஓடுவது, யார் கையெழுத்துப் போடுவது என்று நிதானமாகக் கேட்டார். வெகுநேரம் பேச்சே இல்லை. அடுத்த மாதத்திலிருந்து ஹோம் கட்டணத்தில் பாதி அவன் கணக்கிலிருந்து வருகிறது.