ப்ளூ-ரே பிளேயரில் பிடி-லைவ்: இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்

அட்டையில் 'பிடி-லைவ்' (BD-Live) என்று போட்டிருந்தாலே எல்லாம் தயார் என்று நினைத்துவிடாதீர்கள். டிஸ்க் போட்டதும் டிரெய்லர் போன்ற கூடுதல் விஷயங்களை இணையத்திலிருந்து இறக்கித் தரும் வசதி இது. இதற்கு இணைய இணைப்போடு 1 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும். பல பிளேயர்களில் அந்த இடம் உள்ளே இருக்காது. யுஎஸ்பி பென்டிரைவை நாம்தான் வாங்கிச் செருக வேண்டும். பிளேயரை அணைத்துவிட்டுச் செருகுவது நல்லது.

டிரெய்லர்கள் சேரச் சேர இடம் நிறைந்துவிடும். அப்புறம் புது டிஸ்க் போட்டால் 'நினைவகம் போதவில்லை' என்று நின்றுவிடும். செட்டிங்ஸில் பிடி தரவை (BD data), அதாவது இப்படி இறக்கிச் சேமித்தவற்றை, அழித்தால் சரியாகும்.

டிஸ்க் போட்டதும் லோடிங் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? சர்வருக்காகக் காத்திருப்பதும் காரணமாக இருக்கலாம். பழைய படங்களின் சர்வர்கள் பல மூடப்பட்டுவிட்டன. செட்டிங்ஸில் பிடி-லைவை 'ஆஃப்' செய்துவிட்டு, டிஸ்க்கை எடுத்து மறுபடி போடுங்கள், காத்திருப்பு குறையும். மாத டேட்டா அளவு குறைவாக உள்ளவர்களுக்கும் இதுவே நல்லது.